சுவரில் எழுதுவது கலையா, நாசமா? ஏணிக்குக் கீழே நின்று கேட்கப்பட்ட கேள்விகள்

பள்ளிக்கூடச் சுவர்களுக்கு ஓவியம் வரைந்து கொடுக்கும் ஒரு சிறிய குழுவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அப்பா சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். நான் ஏணியில் நிற்கும்போது கீழிருந்து யாராவது கேள்வி கேட்காத நாளே கிடையாது. வாட்ச்மேன், டீச்சர், பிள்ளையைக் கூப்பிட வந்த அம்மா, கல்லூரிப் பையன்கள் என்று எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

1. கிராஃபிட்டின்னா என்னங்க? சுவர்ல பெயின்ட்ல எழுதுறது எல்லாமே அதுதானா?

கீறுவது என்ற பொருள் கொண்ட இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆணியால் கீறினாலும் சரி, கரியால் எழுதினாலும் சரி, ஸ்ப்ரே கேனால் அடித்தாலும் சரி, பொதுவாக யாரையும் கேட்காமல் சுவரில் எழுதியதை அப்படிச் சொல்கிறார்கள். பள்ளிச் சுவரில் நாங்கள் வரைவது சுவர் ஓவியம், அதற்கு அனுமதி உண்டு. அப்பா எழுதியது சுவர் விளம்பரம், அதற்குக் கூலி உண்டு. நடுராத்திரியில் மேம்பாலத் தூணில் ஒருவன் தன் பெயரை எழுதிவிட்டுப் போனால் அது கிராஃபிட்டி. எல்லை அவ்வளவு தெளிவானது இல்லை, போகப் போகத் தெரியும்.

2. சுத்தி வளைக்காம சொல்லுங்க. அது கலையா, நாசமா?

இரண்டாகவும் இருக்கலாம், ஒரே நேரத்தில். இதைக் கேட்டதும் மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள். மழுப்பவில்லை. நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கலையா என்பது சுவரில் இருப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நாசமா என்பது அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் யார், அவரைக் கேட்டார்களா, அவருக்கு என்ன போயிற்று என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது. முதல் கேள்விக்கு வந்த பதிலை வைத்து இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுத முடியாது. அடுத்தவர் தோட்டத்தில் திருடின மாம்பழம் இனிக்காதா என்ன? இனிக்கும். அதனால் திருட்டு இல்லை என்று ஆகிவிடாது, திருட்டு என்பதால் பழம் புளித்துவிடவும் செய்யாது.

கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதிலின் அடிப்படை, அதனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. சட்டம் என்ன சொல்லுது?

பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் விளைவிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆவது பிரிவில் வரும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள பழஞ்சின்னங்கள் என்றால் இன்னும் கடுமை: 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அழகாக வரைந்தால் விட்டுவிடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சிங்கப்பூரில் பிரம்படியே உண்டு. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அது. எம்ஆர்டி ரயிலில் ஸ்ப்ரே அடித்ததற்காக 2010இல் ஒரு வெளிநாட்டவருக்குச் சிறையோடு மூன்று பிரம்படியும் தீர்ப்பானது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. சுரண்டி எடுத்தால் போய்விடுகிற பெயின்ட்டுக்கு மனிதன் உடம்பில் தழும்பா?

4. எங்க காம்பவுண்ட் சுவருக்கு ராத்திரியோட ராத்திரியா வெள்ளையடிச்சு கட்சிப் பேரைப் போட்டு 'ரிசர்வ்டு'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அதை யாரும் கேட்கலையே?

இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. எனக்கும் உண்டு. உங்கள் சுவரில், உங்களைக் கேட்காமல், நாலு மூலையிலும் கட்சிப் பெயரைப் போட்டு, வருஷத்தையும் போட்டு, நடுவில் வெள்ளையாக விட்டுவிட்டுப் போவார்கள். கிராஃபிட்டி என்று சொல்லிக் கல்லூரிப் பையனைப் பிடிக்கிற அதே ஊரில் இது தேர்தல் வேலை என்று நடக்கும். இரண்டாவது பதிலில் சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள்: கேட்கவில்லை, சொந்தக்காரருக்குச் செலவு, பயம் வேறு. அப்படியானால் இதுவும் நாசம்தான்.

எங்களுக்கே நடந்தது. ஒரு அரசுப் பள்ளிச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து பதினோரு நாள் வரைந்த பறவைகள் மேல், ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரத்தை மஞ்சள் பெயின்ட்டில் ஒரே ராத்திரியில் எழுதிவிட்டார்கள். மீன்கொத்தியின் அலகு மட்டும் ஃபோன் நம்பருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அதை வரைந்த ஆறாம் வகுப்புப் பெண் மறுநாள் காலையில் வந்து அந்த அலகைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள்.

5. இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்தானே? அங்க எப்படி ஆரம்பிச்சுது?

சுவரில் எழுதுவது எந்த நாட்டுப் பழக்கமும் இல்லை, சுவர் இருந்த இடத்தில் எல்லாம் இருந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்துச் சுவர்களில் காதல், வசவு, தேர்தல் பிரசாரம் எல்லாம் இருக்கின்றன. இவ்வளவு கிறுக்கலையும் சுமந்துகொண்டு இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறாயே சுவரே என்று அங்கேயே ஒருவர் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது நாம் பார்க்கும் ஸ்ப்ரே கேன் பாணி 1960களின் பிற்பாதியில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் வளர்ந்தது. நியூயார்க்கில் தபால் கொடுக்கும் வேலையில் இருந்த ஒரு கிரேக்க வம்சாவளிப் பையன், தன் செல்லப் பெயரான டாக்கியோடு தன் தெரு எண்ணையும் சேர்த்து 'டாக்கி 183' என்று போகிற இடமெல்லாம் எழுதினான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றிச் செய்தி போட்டது, அப்புறம் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். ரயில் பெட்டி முழுக்கப் பெயின்ட். கடைசியாக எழுத்து இருந்த பெட்டியை 1989 மே மாதம்தான் ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். ஏறக்குறைய இருபது வருடம், ஒரு நகரம் முழுக்கத் தன் பிள்ளைகளோடு சுவருக்காகச் சண்டை போட்டிருக்கிறது.

6. படம் வரைஞ்சா சரி. சும்மா பேரை எழுதுறதுல என்னங்க கலை இருக்கு?

இந்தக் கேள்விக்கு எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காய்ந்ததும் நீலப்பொடி தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டுவார், நேர்கோடு விழும். அப்புறம் பென்சில் கூட இல்லாமல் பிரஷ்ஷை எடுத்து எழுதுவார். 'ழ'வின் வாலை ஒரே இழுப்பில் இறக்குவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எழுத்தே படம் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒன்றரை அடி எழுத்துக்கும் மூன்றடி எழுத்துக்கும் உடம்பை எங்கே நிறுத்த வேண்டும் என்பதே வேறு.

டேக், அதாவது தன் பெயரையே கையெழுத்து மாதிரிச் சுவரில் எழுதுகிறவர்களும் அதே பயிற்சியைத்தான் செய்கிறார்கள், நோட்டு நோட்டாக. கேனின் பீய்ச்சும் முனையை மாற்றினால் கோட்டின் தடிமன் மாறும், கை கொஞ்சம் தயங்கினால் அந்த இடத்தில் பெயின்ட் வழியும். எல்லா டேக்கும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பத்தில் ஒன்பது வெறும் அவசரம். ஆனால் நல்ல கையெழுத்தைப் பார்த்து 'வெறும் பேர்தானே' என்று சொல்லாதீர்கள்.

7. கிறுக்கல் இருக்கிற ஏரியாவுல குற்றம் பெருகும்னு சொல்றாங்களே, உண்மையா?

கொஞ்சம் உண்மை இருக்கிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சந்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் ஹேண்டில்பாரில் துண்டுச்சீட்டைக் கட்டிவிட்டுக் கவனித்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் சீட்டைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 சதவீதம். 2008இல் வெளிவந்த ஆய்வு இது.

ஆனால் கவனியுங்கள், அந்தச் சுவரில் இருந்தது அவசரக் கிறுக்கல், 'இங்கே எழுதாதே' என்ற பலகையும் பக்கத்திலேயே இருந்தது. இந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை என்ற செய்திதான் ஆட்களை மாற்றுகிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும் ஓவியம் இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்லும் என்று என் அனுபவத்தில் நம்புகிறேன். நாங்கள் வரைந்த ஒரு சுவரடியில் அதற்கு முன்பு நின்று போக முடியாத நாற்றம். இப்போது அங்கே பூக்கார அக்கா கூடை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

8. கீழடிப் பானையில பேர் கீறியிருந்தா பொக்கிஷம், செஞ்சிக்கோட்டையில நான் பேர் கீறினா குற்றமா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒரு கல்லூரி மாணவன் கேட்டது. நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்று தமிழ் பிராமியில் கீறியிருக்கிறது. அது பானையில் இருக்கிற பெயர், பானைக்காரர் பெயர் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டிக்கொள்வது போல. யாருடைய சொத்தும் அதில் கெடவில்லை. செஞ்சியில் கல்யாண மகால் பக்கம் போய்ப் பாருங்கள். காரைச் சுவரில் கூரான கல்லால் ஆழமாகக் கீறிய இதயம், அதில் அம்பு, இரண்டு பக்கமும் இரண்டு எழுத்து, அதற்கு மேலேயே இன்னொருவர் வொயிட்னரில் தேதி. கீறின இடத்தில் காரை பொடிப்பொடியாக உதிர்கிறது, மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பெயின்ட்டைத் துடைக்கலாம், கீறலை ஒட்டவைக்க முடியாது.

இதைவிடச் சங்கடமான உதாரணம் இலங்கையில் இருக்கிறது. சிகிரியா என்ற பழைய பாறைக் கோட்டையில், கண்ணாடி போல மெருகேற்றியதால் 'கண்ணாடிச் சுவர்' என்று பெயர் பெற்ற காரைச் சுவரில், 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டுவரை வந்தவர்கள் அங்குள்ள ஓவியப் பெண்களைப் பார்த்துக் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார், சிங்கள இலக்கியத்துக்கு அது பெரிய சொத்து. அதே சுவரில் 2015இல் கிழக்கிலங்கையிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ் இளம்பெண் தன் பெயரைக் கீறினாள். இரண்டு வருடச் சிறை விதித்தார்கள். பல தரப்பிலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பி, பிறகு ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தாள்.

அவள் செய்தது தவறு, சந்தேகமே இல்லை, ஏனென்றால் இன்று அந்தச் சுவரில் விழும் ஒவ்வொரு கீறலும் பழைய கவிதை ஒன்றின் மேல் விழுகிறது. ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வந்தவனுக்கும் அவளுக்கும் இருந்த ஆசை ஒன்றுதான், நான் இங்கே வந்தேன் என்று சொல்வது. அதற்கு இரண்டு வருடச் சிறை என்பது எனக்கு இன்றும் தாங்கவில்லை. ஆசையைத் தண்டிக்காமல் கல்லைக் காப்பாற்ற வழி உண்டு. வாசலில் ஒரு பலகை, கேட்டால் விளக்கிச் சொல்கிற ஒரு ஆள், எழுதுவதற்கென்று ஒரு நோட்டு.

9. பேங்க்ஸி வரைஞ்சா கோடி, என் பையன் வரைஞ்சா போலீஸா?

பையனைப் பெற்ற ஒரு அம்மா கேட்டது. இதில் அநியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். பேங்க்ஸி பிரிட்டனின் பேர்பெற்ற தெரு ஓவியர். 2018இல் லண்டன் ஏலத்தில் அவருடைய படம் விற்றுமுடிந்த நொடியில் சட்டகத்துக்குள் இருந்த இயந்திரம் அதைப் பாதிவரை கிழித்தது, 2021இல் அந்தக் கிழிந்த படமே ஒரு கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அவர் எழுதின சுவரைப் பெயர்த்தெடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். புகழ் வந்தால் சுவர்க்காரர் தானாகவே சம்மதித்துவிடுகிறார், கண்ணாடி போட்டு மூடிக்கூட வைக்கிறார்.

ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 2025 செப்டம்பரில் லண்டன் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் சுவரில் ஒரு நீதிபதி தன் சுத்தியலால் போராட்டக்காரரை அடிப்பது போல அவர் வரைந்தார். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் சில நாளிலேயே அழித்தார்கள். அழித்த இடத்தில் நிழல் மாதிரி ஒரு கறை நின்றது, படத்தைவிட அந்தக் கறை பலரைப் பேசவைத்தது. உங்கள் பையனுக்கான பதில் கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

10. அனுமதி வாங்கிட்டா அது கிராஃபிட்டியே இல்ல, வெறும் அலங்காரம்னு என் ஃப்ரெண்ட் சொல்றான்.

உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. கேட்காமல் எழுதுவதில்தான் அதன் உயிர் என்று எழுதுகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குள் குடிசைகளில் இருந்தவர்களை 2000க்குப் பிறகு கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். 2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி எல்லாம் சேர்ந்து அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைய ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று சொல்லும் மக்கள், இப்போது படம் எடுக்க ஆள் வருகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். தண்ணீரும் வேலையும் தராமல் சுவருக்கு மட்டும் வண்ணம் பூசினால் போதுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் உண்மை.

என் வரையில், அனுமதி என்பது கேட்கும் இடத்தில் முடிவதில்லை. கண்ணகி நகர் கட்டடம் அரசு வாரியத்துடையது என்றாலும் அந்தச் சுவரைத் தினமும் பார்த்து எழுகிறவர்கள் எதிர் வீட்டுக்காரர்கள். அவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கி வரைந்த சுவரை அலங்காரம் என்று தள்ள எனக்கு மனம் வராது.

11. போராட்டத்துக்காக எழுதினா? அதையும் நாசம்னு சொல்லுவீங்களா?

1950களில் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசினார்கள். 1953 ஜூலை 15 அன்று வடநாட்டு முதலாளி டால்மியாவின் பெயரில் இருந்த டால்மியாபுரம் நிலையத்தின் பெயர்ப்பலகை மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளைக் கருணாநிதியும் தோழர்களும் ஒட்டினார்கள். அன்றைய சட்டப்படி அது பொதுச் சொத்தின் மேல் கை வைத்தது, சிறைக்கும் போனார்கள். இன்று அந்த ஊர் கல்லக்குடிதான்.

எழுதினவர்கள் முகத்தை மறைக்கவில்லை, பின்விளைவை ஏற்றுக்கொண்டார்கள், சிறு வியாபாரியின் சுவரைத் தொடவில்லை, அதிகாரத்தின் பலகையைத் தொட்டார்கள். இந்த வித்தியாசங்களைத்தான் நான் பார்ப்பேன். சட்டம் அதை நாசம் என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு அது பேச்சு. ஆனால் எழுதிவிட்டு ஓடி, மறுநாள் சுவர்க்காரரான ஒரு பெட்டிக்கடைக்காரர் கைக்காசைப் போட்டு அழிக்கும்படி விட்டால், கொள்கை எவ்வளவு பெரிதானாலும் அவருக்கு நீங்கள் கடன்பட்டவர்.

12. அப்போ தினமும் பொதுத் தெருவுல கோலம் போடுறோமே, அதுக்கு யார்கிட்ட அனுமதி வாங்குறோம்?

இந்தக் கேள்வியைக் கேட்ட பாட்டியை நான் கட்டிக்கொண்டேன். உண்மைதான், தெரு மாநகராட்சியுடையது, வாசல் நம்முடையது, கோலம் இரண்டுக்கும் நடுவில் போடப்படுகிறது. யாருக்கும் சேதமில்லை, மாலைக்குள் கலைந்துவிடும், மாவை எறும்பு தின்றுவிடும். அழிவதற்கென்றே போடுவதால் அதை யாரும் எதிர்ப்பதில்லை.

ஆனால் 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டது. அதே மாவு, அதே தெரு. எழுதப்பட்ட வாசகம்தான் மாறியது. அடுத்த நாட்களில் பலர் தங்கள் வாசலிலேயே அந்தக் கோலத்தைப் போட்டார்கள். சுவரோ தரையோ கெட்டுப்போனதற்காகக் கோபப்படுகிறோமா, அங்கே சொல்லப்பட்டதற்காகக் கோபப்படுகிறோமா என்று ஒவ்வொரு தடவையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

13. என் சுவர்ல நான் அனுமதிச்சு வரைஞ்சது. இப்போ வேண்டாம், வெள்ளையடிக்கப் போறேன். யார் கேட்க முடியும்?

கேட்க முடியும், சில இடங்களில். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 5பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைச் சுவர்களில் உரிமையாளரின் சம்மதத்தோடு பல வருடம் வரைந்துவந்தார்கள். கட்டடத்தை இடிக்க முடிவு செய்து 2013 நவம்பரில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். 2018இல் நீதிமன்றம் 45 ஓவியங்களுக்காக, வரைந்த 21 பேருக்கு 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்கச் சொன்னது. முன்கூட்டி எழுத்தில் சொல்லி அவகாசம் கொடுத்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

நம் நாட்டிலும், விற்ற பிறகும் படைப்பைச் சிதைக்காமல் காக்கக் கேட்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிற பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு இருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதோடு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. அனுமதி இல்லாமல் ராத்திரியில் எழுதினவருக்கு இது பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். ஆனால் நீங்களே அழைத்து வரையச் சொன்னவருக்கு, அழிக்கும் முன் ஒரு ஃபோன் செய்யுங்கள். வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள்.

14. எங்க சுவர்ல கிறுக்கிட்டாங்க. எப்படி எடுக்கிறது?

எமல்ஷன் அடித்த சுவர் என்றால் துடைக்கப் பார்க்காதீர்கள், பரவும். நேரடியாக மேலே எமல்ஷன் அடித்தாலும் மார்க்கர் மை ஊறி வெளியே வரும், முதலில் ப்ரைமர் ஒரு கை அடிக்க வேண்டும். இரும்பு கேட்டில் தின்னரைத் துணியில் நனைத்து ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் துடைக்கலாம். பழைய கல், செங்கல், கோயில் சுவர் என்றால் கையே வைக்காதீர்கள், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யப்போய் நம் கோயில்களில் கல்வெட்டு எழுத்தே தேய்ந்துபோன கதை ஏராளம். கிறுக்கல் செய்த நாசத்தைவிடச் சுத்தம் செய்த நாசம் பெரிதாகிவிடும்.

15. என் பையனுக்கு ஸ்ப்ரே பெயின்ட் மேல பைத்தியம். எங்க வரையட்டும்?

ஒன்பதாவது கேள்வி கேட்ட அம்மாதான் மறுபடி வந்து கேட்டார். முதலில் பழைய பிளைவுட் பலகையில், மொட்டை மாடியில், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று பழகச் சொல்லுங்கள். துணி மாஸ்க் போதாது, பெயின்ட் ஆவியை வடிகட்டும் மாஸ்க் வேண்டும். அப்புறம் அவனையே போய்ச் சுவர் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டுக் கொடுக்காதீர்கள். மெக்கானிக் கடை ஷட்டர், மாவு மில் பக்கச் சுவர், சொந்தக்காரர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஏதாவது ஒன்று கிடைக்கும். நான்கு பேர் மாட்டேன் என்பார்கள், ஐந்தாமவர் என்ன வரைவாய் என்று கேட்பார்.

அந்தப் பையன் போன மாதம் ஒரு சைக்கிள் கடை ஷட்டரில் தன் பாட்டியின் முகத்தை வரைந்து முடித்தான். மூக்குத்தி மட்டும் மூன்று தடவை வழிந்து, மூன்று தடவை திருத்தினான். கடைக்காரர் இப்போது காலையில் ஷட்டரை முழுக்கத் தூக்காமல் கொஞ்ச நேரம் பாதியிலேயே நிறுத்தி வைக்கிறாராம்.